வண்டியைத் தாழ்த்துவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தைத் தரையோடு இறக்குவது பற்றி அமெரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் சேர்ந்துபோய்விட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டீசல் புகை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1968 ஃபோர்டு எஃப்-100 இருக்கிறது. 390 கன அங்குல இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைகிறது. போலீஸ் கிரவுன் விக்டோரியாவின் முன் சஸ்பென்ஷனை அப்படியே கழற்றி இதில் மாட்டினால் மூன்றும் தீர்ந்துவிடும் என்கிறார்கள். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (டெக்சஸ் வாசகர்)

வாங்கலாம் தம்பி. ஆனால் அதை வாங்குகிற அன்று கையில் சக்கரமும் இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், எல்லோரும் இதைத் தேடி ஓடுவதில் நியாயம் இருக்கிறது. 2003-இல் ஃபோர்டு அந்த காரின் முன்பக்கத்தை முழுதாக மாற்றியது. அலுமினியத்தில் ஒரு குறுக்குச் சட்டம், அதிலேயே ரேக் ஸ்டியரிங் (பல் வைத்த தண்டு பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு), ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங், பெரிய டிஸ்க் பிரேக். 2011-இல் உற்பத்தி நிற்கும் வரை இதே அமைப்புதான். போல்ட்களைக் கழற்றினால் மொத்தமும் ஒரே துண்டாக இறங்கி வந்துவிடும். கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் இரண்டிலும் இதே சாமான்தான் என்பதால் போலீஸ் வண்டிதான் வேண்டும் என்று அலைய வேண்டாம். சொல்லப்போனால் போலீஸ் வண்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நடைபாதை விளிம்பில் ஏறி ஏறி அடி வாங்கிய வண்டிகள் அவை. சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் லேசாக வளைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது; அலைன்மென்ட் மேடையில்தான் தெரியும், அப்போது நீங்கள் வெல்டிங்கை முடித்திருப்பீர்கள்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். அந்த காரில் இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை சுமார் 63 அங்குலம். இது எதை வைத்து அளந்தது? அந்த காரோடு வந்த சக்கரத்தை வைத்து. அந்தச் சக்கரத்தின் ஆஃப்செட் 40 மில்லிமீட்டருக்கும் மேல். அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அவ்வளவு தூரம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது, டயர் உள்ளே ஒதுங்கி நிற்கிறது. ஆகவே ஹப் முகத்துக்கு ஹப் முகம் அளந்தால் 63-ஐவிட அதிகம் வரும். நீங்கள் ஆசைப்படுவது எப்படிப்பட்ட சக்கரம்? பழைய பிக்கப்புக்கு அழகு என்று எல்லோரும் நினைக்கும், வெளிப்பக்கம் குழிந்த, ஆஃப்செட் பூஜ்யமான சக்கரம். அதை இந்த ஹப்பில் மாட்டினால் ஒவ்வொரு பக்கமும் 40 மில்லிமீட்டருக்கு மேல் டயர் வெளியே வந்து நிற்கும். ஃபெண்டருக்குள் போகாது. நேராக நிற்கும்போது எப்படியோ தப்பித்தாலும், திருப்பும்போது டயரின் தோள் ஃபெண்டர் விளிம்பைச் சீவிவிடும். வண்டியைத் தாழ்த்தியிருப்பதால் அந்த விளிம்பும் டயருக்கு மேலே இல்லை, டயருக்கு நேர் எதிரே இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையின் கடினம் வெல்டிங்கில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. எந்தச் சக்கரம், எந்த டயர், எந்த ஆஃப்செட் என்று முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். குழிந்த சக்கரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கிரவுன் விக்டோரியாவை மறந்துவிட்டு, ஃபோர்டின் மஸ்டாங்-2 என்ற சிறிய காரைப் பின்பற்றிச் செய்யும் குறுகலான குறுக்குச் சட்டத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழியில்லை.

பின் சக்கரத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஐந்து போல்ட், 5.5 அங்குல வட்டம். கிரவுன் விக்டோரியாவில் ஐந்து போல்ட்தான், ஆனால் 4.5 அங்குலம். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே சக்கரம் பொருந்தாது, ஒரு ஸ்டெப்னி வைத்துக்கொள்ளக்கூட முடியாது. இதற்காகப் பலர் அதே காரின் பின் ஆக்சிலையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அகலமும் ஒத்துப்போகும், ஆஃப்செட்டும் ஒத்துப்போகும். அதன் மேல் இருக்கும் காயில் ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டி எடுத்துவிட்டு லீஃப் ஸ்பிரிங்குக்கான இருக்கையை வெல்டு செய்ய வேண்டும். எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலும் 4.5 அங்குல வட்டம்தான், 1995-க்குப் பிறகு டிஸ்க் பிரேக்கோடு வந்தது. ஆனால் அது குறுகல். முன்னால் அகலமும் பின்னால் குறுகலுமாக நின்றால் வண்டி தோள் மட்டும் பருத்த பயில்வான் மாதிரி தெரியும்.

சரி, சக்கரம் முடிவாகிவிட்டது, சாமானும் வந்துவிட்டது. உடனே கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, சேஸிஸின் நாலு மூலையையும் ஜாக் ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறியுங்கள். சேஸிஸின் நடுக்கோட்டையும் தரையில் இழுத்துவிடுங்கள். சேஸிஸில் மாறாத இரண்டு துளைகளிலிருந்து மூலைவிட்டமாக அளந்து எழுதி வையுங்கள். பழைய சஸ்பென்ஷனைக் கழற்றிய பிறகு சக்கரம் எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தரைக்குறியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஃபெண்டர்களைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவர்கள், கடைசி வெல்டிங்குக்கு முன் ஒருமுறை அவற்றை மாட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் இல்லாமல் அரை அங்குலம் பின்னால் போயிருந்தாலும், தெருவில் போகிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, பலரும் தவறவிடுவது: வண்டியின் சாய்வு. முன்பக்கம் கொஞ்சம் குனிந்து நிற்பதுதான் எல்லோருக்கும் பிடிக்கிறது. சேஸிஸ் முன்னால் எத்தனை டிகிரி குனிகிறதோ அத்தனை டிகிரி காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம், குறைந்துவிடும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் அலையும். எந்த நோய்க்காக இத்தனை செலவு செய்தீர்களோ அதே நோய் திரும்ப வந்துவிடும். ஆகவே பின்பக்கம் எவ்வளவு இறங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, சேஸிஸை அந்தச் சாய்விலேயே ஸ்டாண்டில் நிறுத்தி, குறுக்குச் சட்டம் கிரவுன் விக்டோரியாவில் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் தரைக்கு இணையாகப் பொருத்துங்கள். ஓடும் உயரத்தை அமைக்க, ஸ்பிரிங்கோடு கூடிய ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டையை இரண்டு துளை போட்டு அங்கே மாட்டிவிடுங்கள். ஆர்ம் அசையாமல் அந்த உயரத்திலேயே நிற்கும். ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எஃப்-100 சேஸிஸ் திறந்த சி வடிவம். குறுக்குச் சட்டம் உட்காரும் பகுதியில் தகடு வைத்துப் பெட்டியாக மூடிவிட்டு அதன் மேல் தாங்கிகளை வையுங்கள். நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு செய்யக் கூடாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுநடுவே மூலைவிட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். சூட்டில் சேஸிஸ் இழுத்துக்கொள்ளும். வெல்டிங் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் புள்ளி வைத்து நிறுத்திவிட்டு, கடைசி வெல்டிங்கை அந்த வேலையே தொழிலாக இருப்பவரிடம் விடுங்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் தொங்குகிற இடம் அது.

அப்புறம் 390. பழைய குறுக்குச் சட்டத்தோடு இன்ஜின் மவுண்ட்டும் போய்விடும், புதிதாகச் செய்ய வேண்டும். ஆயில் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருந்தால் ரேக்கிலோ குறுக்குச் சட்டத்திலோ முட்டும். பின்னால் ஆழமுள்ள சம்ப்பும் அதற்கேற்ற ஆயில் உறிஞ்சும் குழாயும் வாங்க வேண்டியிருக்கும். இன்ஜின் அகலமானது என்பதால் ஸ்டியரிங் தண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இடையே நுழைந்து போக வேண்டும். இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்டில் முடியாமல் மூன்று போட்டால், நடுவில் தண்டைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம். அது இல்லாவிட்டால் தண்டு குதிக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தலை சுற்றினால் இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியின் ட்வின் ஐ-பீம் அமைப்பு (முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரும்புப் பீம்) 1965-இல் வந்தது, மோசமானது ஒன்றுமில்லை. ஸ்டியரிங் அலைவதற்கு சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் தேய்ந்திருக்கலாம், பீமை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் ரப்பர் புஷ் நசுங்கியிருக்கலாம், ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டம் இருக்கலாம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. இவற்றைப் புதுப்பித்து, முன்னால் டிஸ்க் பிரேக் மாட்டி, தாழ்த்திச் செய்த பீம்களைப் போட்டால் 3 அங்குலம் அளவுக்கு இறங்கும். சேஸிஸில் ஒரு வெட்டு விழாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இதைச் செய்து ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே சாமானைப் பார்த்து வைத்துவிட்டீர்கள். கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

கேள்வி: என் 1966 எஃப்-100-இல் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டினேன். உயரம் அருமையாக இறங்கியது. ஆனால் இரண்டு முன் சக்கரமும் மேலே உள்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஏன்? (ஓஹையோ வாசகர்)

ட்வின் ஐ-பீம் என்றால் இரண்டு பீம். இடது சக்கரத்தின் பீம் வலப்பக்கத்தில் முளையடித்து ஆடுகிறது, வலது சக்கரத்தின் பீம் இடப்பக்கத்தில். சக்கரம் பீமோடு இறுக்கமாகச் சேர்ந்தது. ஆகவே வண்டி இறங்கும்போது, அதாவது பீமின் வெளிமுனை சேஸிஸை நோக்கி ஏறும்போது, சக்கரமும் அதே கோணத்துக்குச் சாயும். பீம் 3 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் 2 அங்குலம் இறக்கினாலே 3 டிகிரிக்கு மேல் சாய்வு. டயரின் உள்விளிம்பு வெகு சீக்கிரம் நூல் தெரிய ஆரம்பிக்கும்.

ஸ்பிரிங் வெட்டுவதால் இது தீராது. சக்கரத்தைத் தாங்கும் முனை மேலே வைத்துச் செய்யப்பட்ட தாழ்வுப் பீம்தான் வழி. உயரம் இறங்கும், பீமின் கோணம் மாறாது. வெட்டிய ஸ்பிரிங்கை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும், வண்டி குதிக்கும். நீங்கள் கட்டிங் டிஸ்க்கில் வெட்டியிருந்தால் பரவாயில்லை. கேஸ் விளக்கால் சூடாக்கி உட்கார வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றிப் போடுங்கள். அந்த இரும்பின் பதம் போய்விட்டது, எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: அப்பாவின் 1970 செவர்லே சி10 என்னிடம் வந்திருக்கிறது. நானே வேலை செய்கிறேன், வெல்டிங் தெரியும். மஸ்டாங்-2 கிட் போடலாம் என்று இருக்கிறேன். பட்டறைக்காரர் ஒருவர், "பெண்கள் செய்கிற வேலையா இது" என்று கேட்டதால் உங்களிடம் எழுதுகிறேன். (ஜார்ஜியா வாசகி)

அந்தப் பட்டறைக்குத் திரும்பிப் போகாதீர்கள் அம்மா. வேலை தெரிந்தவர் வண்டியைப் பற்றித்தான் கேட்டிருப்பார்.

ஆனால் கிட்டும் வேண்டாம். எஃப்-100 காரர்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை. செவர்லே இந்த வண்டிகளில் 1960-லேயே முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்துவிட்டது. முதல் மூன்று வருடம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி), 1963-இலிருந்து மேலும் கீழும் ஏ வடிவ ஆர்ம், நடுவில் காயில். உங்களுடையதும் அதுதான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு சிறிய காருக்காகப் பிறந்த வடிவத்தை அந்த இடத்தில் வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தாழ்வு ஸ்பிண்டில் போடுங்கள். ஹப்பைத் தாங்கும் அச்சு இரண்டரை அங்குலம் மேலே வைத்துச் செய்திருப்பார்கள். ஆர்ம்களின் கோணம், ஸ்பிரிங், ஷாக்கின் ஓட்டம் எதுவும் மாறாது. வண்டி மட்டும் இறங்கும். 1970 வரை முன்னால் டிரம், ஆறு போல்ட். 1971-இல் டிஸ்க்கும் 5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்டும் வந்தன. அதனால் 1971–72 வண்டியின் சாமானோ, 1973–87 வண்டியின் முழு குறுக்குச் சட்டமோ கிடைத்தால் போல்ட் போட்டே மாற்றிவிடலாம். 1973–87-இல் டிஸ்க் இரண்டு தடிமனில் உண்டு, 1 அங்குலமும் 1¼ அங்குலமும். ஸ்பிண்டில் வாங்கும் முன் உங்கள் கையில் இருப்பது எது என்று அளந்துகொள்ளுங்கள். பின்னால் ஆறு போல்ட் ஆக்சில் இருக்கும், அதையும் ஐந்துக்கு மாற்ற வேண்டும். வெல்டிங் திறமையைப் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆக்சில் மேலே ஏறும்போது முட்டாமல் இருக்க சேஸிஸில் அரைவட்டமாக வெட்டி வலுத்தகடு வைக்க அது தேவைப்படும்.

கேள்வி: 1955 எஃப்-100-க்கு மஸ்டாங்-2 கிட் மாட்டியாயிற்று. வண்டி அழகாக நிற்கிறது. ஆனால் மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானே இழுக்கிறது. முதல் மிதியில் பிரேக் பெடல் பாதி வரை போகிறது. (அரிசோனா வாசகர்)

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலாவது பம்ப் ஸ்டியர். ரேக்கின் இரு முனையிலும் உள்ளே இருக்கும் மூட்டு, கீழ் ஆர்மும் மேல் ஆர்மும் ஆடும் முளைகளை இணைக்கும் கோட்டில் விழ வேண்டும். ரேக் அகலமாகவோ குறுகலாகவோ இருந்தால், அல்லது அரை அங்குலம் மேலே கீழே போயிருந்தால், சக்கரம் ஏறி இறங்கும்போது ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராட் ஒரு வட்டத்திலும் ஆர்ம் வேறு வட்டத்திலும் போகும், சக்கரம் திரும்பிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, ஜாக்கால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பாருங்கள். அப்போதுதான் ரேக்கை ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியும். அசல் மஸ்டாங்-2 என்ற கார் 1974 முதல் 1978 வரைதான் வந்தது. இன்றைய கிட்களில் பெயர் மட்டுமே அது. எல்லா கிட்டும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பி ரேக்கைத் தனியாக வாங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது: அந்த வருட வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே. முன்னால் டிஸ்க் போட்டதும் அதைப் பிடிக்கும் காலிப்பர் மாஸ்டர் சிலிண்டருக்குச் சமமாகவோ மேலேயோ வந்துவிடுகிறது, பிரேக் ஆயில் திரும்பி வழிகிறது. குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும்: டிஸ்க் வழியில் 2 பிஎஸ்ஐ, பின் டிரம் வழியில் 10 பிஎஸ்ஐ. மாற்றிப் போட்டுவிடாதீர்கள், டிஸ்க்கில் 10 போட்டால் பேட் ஒட்டியே ஓடி சூடேறும். இன்னும் ஒற்றை அறை சிலிண்டர்தான் இருக்கிறது என்றால் அதையும் இரட்டையாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தாழ்த்திய வண்டியை கலிஃபோர்னியாவில் போலீஸ் நிறுத்துமா?

ரிம்மின் கீழ் விளிம்பைவிடத் தாழ்வாக வண்டியின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது என்று 1950-களிலிருந்து அங்கே சட்டம் இருந்தது. அதை ஏமாற்றத்தான் ரான் அகிரே என்பவர் 1959-இல் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் வைத்தார் என்பார்கள். போலீஸ் வந்தால் வண்டி எழுந்து நிற்கும். அந்தத் தடை 2024 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. மற்ற மாநிலங்களில் விதி வேறு, உங்கள் மாநிலத்தைப் பாருங்கள். சட்டம் போனாலும் அந்த ரிம் கணக்கு நல்ல கணக்கு: டயர் வெடித்தால் குறுக்குச் சட்டமோ ஆயில் சம்ப்போ தார்ச்சாலையில் உரசாது.

கேள்வி: இறக்கிய பிறகு சரக்கு ஏற்றலாமா?

சோபா ஒன்று ஏற்றலாம். மணல் ஏற்ற வேறு வண்டி பாருங்கள். பின்னால் ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கின் மேலே தூக்கி வைத்திருந்தால் அது சேஸிஸில் முட்டுவதற்கு மீதி இருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: வேலை முடிந்தது. அலைன்மென்ட் கடையில், "இந்த வண்டிக்கு என்ன அளவு வைப்பது? கம்ப்யூட்டரில் 1968 எஃப்-100 அளவுதான் இருக்கிறது" என்கிறார்கள்.

அந்த அளவை வைக்க விடாதீர்கள்; அது ஐ-பீமுக்கு. நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பவர் ஸ்டியரிங்கும் ரேக்கும் இருக்கும் இந்த மாதிரி அமைப்புக்கு நான் தொடங்கும் அளவு: காஸ்டர் நேர்மறையில் 3 முதல் 5 டிகிரி, இரண்டு பக்கமும் சமம். கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) பூஜ்யத்திலிருந்து எதிர்மறையில் அரை டிகிரி. டோ உள்பக்கம் 1/16 அங்குலம், அதிகம் போனால் 1/8. ஓட்டுபவரின் எடைக்கு இருக்கையில் மூட்டை வைத்து, பெட்ரோலைப் பாதி நிரப்பி, டயர் காற்றைச் சரிபார்த்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் சில நூறு மைல் ஓடியதும் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அதன் பிறகு ஒருமுறை டோவை மட்டும் திரும்பப் பாருங்கள், அதே வேளையில் குறுக்குச் சட்டத்தின் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிவிடுங்கள்.